விழுந்தாலும் தானே எழ வேண்டும்!
வீட்டு சர்வரையும் இணையத்தையும் ஓயாமல் ஓடவைப்பது எப்படி?

‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பைக் காட்டாத செல்போன் இன்று அரிது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்திக்கொண்டது. இப்போது மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. வரைதான் இலவசம். காதுகுத்து, வளைகாப்பு, பேத்தியின் பள்ளி ஆண்டு விழா என்று ஒரு குடும்பம் எடுத்துக் குவிக்கும் படங்களுக்கு அது எம்மாத்திரம்? மாதச் சந்தா கட்டி இடம் வாங்குவோர் ஒருபுறம் இருக்க, வீட்டிலேயே ஒரு சிறு கணினியை வைத்து அதைத் தங்கள் சொந்த சர்வர் ஆக்கிக்கொள்வோரும் இருக்கிறார்கள்.

அதற்கான மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீட்டுத் திரையில் சினிமா பார்க்க ஜெல்லிஃபின், விளக்கையும் மோட்டாரையும் கட்டுப்படுத்த ஹோம் அசிஸ்டென்ட். எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். கடைக் கணக்கை வீட்டிலிருந்து பார்க்க நினைக்கும் வியாபாரிக்கும், தோப்பில் மாட்டிய கேமராவை ஊரிலிருந்து பார்க்க விரும்பும் விவசாயிக்கும் வேண்டியது இதே ஏற்பாடுதான்.

நிறுவும் வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். கஷ்டம் அதன்பிறகுதான். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது, வீடு பூட்டிக் கிடக்கும்போது, மழை பெய்யும்போது, செல்போனில் தட்டினால் அந்தக் கணினி பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த பொருள் எதையாவது வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான கணக்கு. விழவே விழாத சர்வர் உலகில் எங்கும் கிடையாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை தடுமாறியபோது அதை நம்பியிருந்த எத்தனையோ செயலிகள் கூடவே படுத்தன. கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டில் நாம் குறிவைக்க வேண்டியது வேறு: விழுந்தால் யார் கையும் படாமல் தானே எழ வேண்டும், விழும்போது உள்ளே இருப்பது சேதமாகக் கூடாது. இந்த இரண்டும் சாதாரணக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குள் சாத்தியம்.

எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

முதலில் ஒரு கணக்கு. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 99 சதவீதம் இயங்கும் சர்வர் ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் படுத்திருக்கும். 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் ஒரு மணி நேரம்கூட இல்லை, சுமார் 53 நிமிடம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 60 மணி நேரம். வேறு எந்தக் கோளாறும் வராவிட்டாலும் அந்த வீட்டு சர்வர் 99.3 சதவீதத்தில் நின்றுவிடும். அதனால் பாதுகாப்பு மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குடும்பப் படங்களுக்கு 99.5 சதவீதமே தாராளம். நள்ளிரவில் அரை மணி நேரம் ஆல்பம் திறக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்த அளவு போதும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் தேவையில்லாமல் செலவழிப்பதில்லை.

மின்சாரம்: இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது?

2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தன. அந்த ஆண்டுகளில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்றும் பல வீடுகளில் உழைக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். பேட்டரியை முழுக்க வற்றவிடக் கூடாது. மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும். ஆகவே பாதி, 900 வாட்-மணி, கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

ஃபைபர் மோடம், ரவுட்டர், சிறு கணினி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்து 40 வாட் இழுக்கும். இவை மட்டும் என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் அதே பேட்டரியில் 75 வாட் பழைய ஃபேன் இரண்டும், 10 வாட் எல்.இ.டி. நாலும் ஓடினால் மொத்தம் 230 வாட். நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றினால் ஆறு மணி நேரத்தைத் தாண்டும். ஐந்து மணி நேரப் பராமரிப்பு மின்தடையைச் சர்வர் கடக்குமா என்பதை இங்கே ஃபேன்தான் முடிவு செய்கிறது.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்று பலரும் சொல்வதுண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யு.பி.எஸ்., மறுபக்கம் நார்மல் அல்லது எகோ. யு.பி.எஸ். நிலையில் பேட்டரிக்கு மாறும் நேரம் மிகக் குறைவு, கணினி அதை உணராது. நார்மல் நிலையில் அந்த இடைவெளி நீளும். ஃபேனும் விளக்கும் கண்டுகொள்ளாது, கணினி அணைந்து எழும். அந்த சுவிட்சைத் தள்ளுவதற்குக் காசு செலவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: யு.பி.எஸ். நிலையில் வோல்டேஜ் 180 அளவுக்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். கோடையில் லோ வோல்டேஜ் வாட்டும் தெருக்களில் பேட்டரி சீக்கிரம் காலியாக இதுவே காரணமாகலாம்.

மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இன்னும் எளிய வழி உண்டு. இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடுபவை. உள்ளங்கை அளவு மினி யு.பி.எஸ். ஒன்றை அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் மாட்டினால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிலும் சில மணி நேரம் வைஃபை நிற்கும்.

சர்வருக்கு யு.எஸ்.பி. இணைப்புள்ள தனி யு.பி.எஸ். நல்லது. பேட்டரி தீரப்போகிறது என்று அது கணினிக்குச் செய்தி சொல்லும். ‘நட்’ என்ற கட்டற்ற மென்பொருள் அதைக் கேட்டுக் கோப்புகளை மூடி, கணினியை முறையாக அணைக்கும். இதில் அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணினி அணைந்த பிறகு, யு.பி.எஸ். தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகவே கணினி உணராது, அணைந்தபடியே கிடக்கும். இதைத் தவிர்க்க, அணையும் கடைசித் தருணத்தில் யு.பி.எஸ்.ஸையும் அணைக்கச் சொல்லும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. கூடவே, கரண்ட் திரும்பியதும் தானே கிளம்பும்படி கணினியின் பயாஸ் அமைப்பையும் மாற்ற வேண்டும். பலருக்குத் தெரியாத அமைப்பு இது. தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரியான எர்த்திங் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொட்டெக்டரின் பலன் மிகக் குறைவு. இடி மின்னலின்போது பாயும் மிகையழுத்தம் தரைக்குப் போக வழி இருந்தால்தான் அந்தக் கருவி முழுப் பலன் தரும். கணினிக்குச் செலவழிக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பதே முதல் செலவாக இருக்கட்டும்.

ஃபைபர்: தெருவில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாக இருப்பது ஜிபான் முறை. நிறுவனத்தின் கருவியிலிருந்து கிளம்பும் ஒரே இழை, தெருவில் ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. விநாடிக்கு 2.5 ஜிகாபிட் இறங்கு வேகத்தை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. இதன் பெரிய நன்மை, நடுவில் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். தெருவே இருட்டாகக் கிடந்தாலும் உங்கள் மோடத்துக்குக் கரண்ட் இருந்து, மறுமுனைக் கருவிக்கும் இருந்தால் இணையம் ஓடும்.

எல்லா இணைப்பும் இப்படி இல்லை. சில அடுக்குமாடிகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து வீடுகளுக்குச் செம்புக் கேபிள் இழுத்திருப்பார்கள். பொது மீட்டரில் கரண்ட் போனால் அந்தப் பெட்டி அணையும். உங்கள் வீட்டில் எத்தனை பேட்டரி இருந்தும் பயனில்லை. இணைப்புப் போட வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஸ்பீடு எவ்வளவு என்பதை அல்ல. “கரண்ட் போனால் நெட் இருக்குமா? நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி எங்கே?” என்று கேளுங்கள்.

மோடத்தில் ‘லாஸ்’ என்ற சிவப்பு லைட் எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதற்கு முந்தைய எச்சரிக்கையும் உண்டு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவு மைனஸ் 20 டி.பி.எம். என்பதுபோல் தெரியும். வீட்டு மோடங்கள் பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும். ஒவ்வொரு 3 அலகு சரிவுக்கும் ஒளி பாதியாகிறது. இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் மைனஸ் 20, மைனஸ் 26 ஆகியிருந்தால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தூசி படிந்திருக்கிறது. “நெட் ஸ்லோவாக இருக்கிறது” என்ற புகாரைவிட “ஒளி 6 டி.பி. குறைந்திருக்கிறது” என்ற புகாருக்கு லைன்மேன் சரியான கருவியோடு வருவார்.

மழைக்காலத்தில் மரக்கிளையோடும் மின்கம்பத்தோடும் தொங்கும் கேபிள்தான் நம் ஊரின் பலவீனம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதையும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்சாரத்தை வாரக்கணக்கில் முடக்கியதையும் மறக்க முடியாது. அதற்காக இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குவோர் உண்டு. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே கிளை இரண்டையும் அறுக்கும். இரண்டாவது வழி காற்றில் வரட்டும்: ஒரு 4ஜி அல்லது 5ஜி சிம் போட்ட ரவுட்டர். முதன்மை இணைப்பு போனால் தானே மாறும் வசதி, இரண்டு இணைப்புகளை ஏற்கும் ‘டூயல் வேன்’ ரவுட்டர்களில் உண்டு; ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்கும் ரவுட்டர்களிலும் அமைக்கலாம்.

முகவரி: உள்ளே வர வழி இருக்கிறதா?

கரண்டும் இருக்கிறது, ஃபைபரும் இருக்கிறது, ஆனாலும் வெளியிலிருந்து சர்வரைத் தொட முடியவில்லை. புதிதாக இறங்குவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பழைய இணைய முகவரி முறையான ஐ.பி.வி.4இல் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதன்பிறகு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கத் தொடங்கின. இதற்குச் சி.ஜி.நாட் என்று பெயர். ஐம்பது குடித்தனங்களுக்கு ஒரே கதவு எண் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது நிலைமை: நீங்கள் கடிதம் அனுப்பலாம், பதிலும் வரும், வெளியாள் முதலில் எழுதும் கடிதம் எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். வழிகள் மூன்று.

ஒன்று, கூடுதல் கட்டணத்தில் நிலையான பொது முகவரி கேட்டு வாங்குவது. இரண்டு, ஐ.பி.வி.6. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஜியோ தன் செல்போன் வலையைப் பரவலாக ஐ.பி.வி.6இல் அமைத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்த முகவரி அவ்வப்போது மாறலாம்; மாறும்போதெல்லாம் உங்கள் டொமைன் பெயரைத் தானே புதுப்பிக்கும் டைனமிக் டி.என்.எஸ். வேண்டும். நீங்கள் வெளியே பயன்படுத்தும் இணைப்பிலும் ஐ.பி.வி.6 இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, சர்வரே வெளியே ஒரு சுரங்கத்தைத் திறந்துவைப்பது. வயர்கார்டு என்ற வி.பி.என். முறை 2020இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. சிறு வாடகை சர்வர் ஒன்றை வெளியே எடுத்து, வீட்டு சர்வர் அதனுடன் வயர்கார்டு வழியே எப்போதும் இணைந்திருந்தால் சி.ஜி.நாட் ஒரு தடையே இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதையே இன்னும் எளிதாக்குகின்றன. சுரங்கத்தின் மிகப் பெரிய பலன் ஒன்று உண்டு: ஃபைபர் போய் 4ஜி வந்தாலும், முகவரி மாறினாலும், அது தானே மீண்டும் இணைந்துகொள்ளும். தானே எழ வேண்டும் என்ற நம் இலக்குக்கு மிகப் பொருத்தமானது இதுதான். குடும்பத்துக்கு மட்டுமான சர்வருக்கு இதையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

பொதுவெளியில் கதவைத் திறப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலை போட்டுத் தந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டி.என்.எஸ். நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிட்டர் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் திறக்காமல் போயின. தோப்புக் கேமராவின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

கணினி: சின்னது போதும், கெட்டியாக இருக்கட்டும்

80 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை நாள் முழுக்க ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். 20 வாட் மினி பி.சி. என்றால் 29 யூனிட். பில் வித்தியாசம் ஒருபுறம். கணினி மட்டும் ஓடினால் பேட்டரி நாலு மடங்கு நேரம் தாங்கும் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

2012இல் வந்த ராஸ்பெரி பை பலரின் முதல் சர்வர். அதில் எஸ்.டி. கார்டில் எல்லாவற்றையும் வைப்பதுதான் ஆபத்து. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் ஏற்றுங்கள். அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டால் எந்தக் கருவியும் தடுமாறும். பெரும்பாலான சிறு கணினிகளில் வாட்ச்டாக் என்ற வன்பொருள் கடிகாரம் இருக்கிறது. கணினி உறைந்துபோய்ச் சில விநாடி பதில் தராவிட்டால் அது தானே ரீஸ்டார்ட் செய்யும். பத்து நிமிட வேலையில் அதை இயக்கிவிடலாம்.

கண்காணிப்பு வெளியிலிருந்து நடக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கண்காணிப்பு மென்பொருள், வீட்டு இணையமே போனால் யாரிடம் சொல்லும்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் வெளியே ஒரு சேவைக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பட்டும். அது வராவிட்டால் உங்கள் செல்போனுக்கு எச்சரிக்கை வரும்.

பேக்கப்: இதில் சமரசம் கூடாது

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் தேசியத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. தொடங்கிய இடம், மின்தடையிலிருந்து காக்க வைத்திருந்த லித்தியம் பேட்டரிகள். அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ‘ஜி டிரைவ்’ என்ற கிடங்கில் 858 டெராபைட் தகவல் அழிந்தது. அதற்கு வெளியே பிரதி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. உலகின் மிக முன்னேறிய இணைய நாடுகளில் ஒன்றுக்கே இது நேர்ந்தது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வீட்டுக்கு வெளியே. இரண்டு டிஸ்க்கை ரெய்டு முறையில் ஒன்றாகக் கட்டுவது பேக்கப் ஆகாது. தவறி அழித்த படம் இரண்டிலும் அழியும். வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்து, மறையாக்கம் செய்து இரவில் அனுப்பலாம். அதிலிருந்து சில படங்களை வருடம் இருமுறையாவது மீட்டுப் பாருங்கள்; மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

ஒரு விஷயத்தை வீட்டில் வைக்கவே வேண்டாம்: மின்னஞ்சல் சர்வர். வீட்டு முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையாகவே பார்க்கும். சர்வர் படுத்தால் வேலை நேர்காணல் கடிதமும் திரும்பிப் போகலாம்.

கேட்டுப் பெற வேண்டியது

எல்லாப் பாரமும் வாடிக்கையாளர் தலையில் இறங்குவது நியாயமல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளின்படி, நிலவழி இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். புகார் எண்ணை வாங்கிக் குறித்துவைத்துக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஐ.பி.வி.6 இல்லாத இணைப்பில் அதைக் கேளுங்கள். கம்பத்தில் தொங்கும் கேபிளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உள்ளாட்சியிடம் கேளுங்கள். இணையம் இன்று குடிநீர், மின்சாரத்துக்கு அடுத்த தேவை. அதன் தரத்தைக் கேட்பது குடிமக்களின் உரிமை.

சோதித்துப் பாருங்கள்

• மெயின் சுவிட்சை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். செல்போன் டேட்டாவில் சர்வர் திறக்கிறதா?

• ஃபைபர் கேபிளைக் கழற்றுங்கள். 4ஜிக்குத் தானே மாறியதா? சுரங்கம் மீண்டும் இணைந்ததா?

• யு.பி.எஸ். பேட்டரி குறைந்து கணினி தானே அணையும்வரை விடுங்கள். கரண்ட் வந்ததும் யாரும் பொத்தானை அழுத்தாமல் எல்லாச் சேவைகளும் எழுந்தனவா?

• வெளிக் கண்காணிப்பின் எச்சரிக்கை உங்கள் போனுக்கு வந்ததா?

• நீங்கள் இல்லாதபோது வீட்டில் இன்னொருவரால் இதை அணைத்து எழுப்ப முடியுமா?

கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. சர்வர் வைத்திருப்பவர் ஒருவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும். அவர் மருத்துவமனையில் படுத்தால் குடும்பத்தின் இருபது ஆண்டுப் படங்களும் கடவுச்சொல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள்: எந்த வயர் எதற்கு, எதை முதலில் அணைக்க வேண்டும், பேக்கப் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் பெட்டகத்தை எப்படித் திறப்பது, யாரை அழைப்பது. மனைவியோ மகனோ அம்மாவோ அதைப் பார்த்து ஒருமுறை தாங்களே செய்து பார்க்கட்டும். இயந்திரம் தானே எழப் பழக்குவது பாதி வேலை. அதை எழுப்பத் தெரிந்தவர் வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதுதான் அந்த சர்வர் குடும்பத்துக்குச் சொந்தமாகிறது.